இழுக்கும் படகும் இழுபடும் படகும்

விரைவை விரும்பாதார் இவ்வுலகில் அரியர். ஆயினும், ஒன்றன் பின் ஒன்றைக் கட்டி இழுக்குமிடத்து அவ்விரைவுக்கு எல்லை வகுப்பது யாது? இழுப்பதன் வலிமையா, இழுபடுவதன் வலிமையா? பின்னதே என்பது எமது துணிபு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் மீனவர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. உயிரைத் தொடும் வினாவாகும்.

இவ்வேரியின் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாய், 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியது. பின்னர் வடக்கும் தெற்கும் நீண்டது. 1877–78 பஞ்சகாலப் பணிகளுக்குப்பின் அந்நாளைய ஆளுநர் பெயரைப் பெற்றது. காற்று வாய்க்காதபோது அக்கால்வாயின் படகோட்டிகள் கோலூன்றித் தள்ளினர். அன்றேல் கரைமேல் நடந்து கயிறு பற்றி இழுத்தனர். மனிதன் நடக்கும் வேகமே அன்று படகின் வேகம். ஆதலின் மிகுவிரைவு என்னும் இடரே எழவில்லை.

இன்றோ மோட்டார் வந்துவிட்டது. பழுதுற்ற படகையோ, மோட்டார் இல்லாத பழைய மரப்படகையோ, மோட்டார்ப் படகின் பின்னே கட்டி இழுத்தல் எளிதாயிற்று. எளிதாயினமையாலேயே எச்சரிக்கை வேண்டும். ஓடும் படகு தன் முன்னே ஓர் அலையை எழுப்புகின்றது. வேகம் கூடக் கூட அவ்வலை நீள்கின்றது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியபின் மேலும் இழுப்பின், அணியம் மேலெழும். பின்புறம் தாழ்ந்து நீர் உட்புகும். 25 அடி நீளமுள்ள படகுக்கு அவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பழவேற்காட்டு ஏரியோ பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழமே உடையது. அத்தகு ஆழத்தில் அலை மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. ஆதலின் எல்லை இன்னும் குறுகும். வேகம் இரட்டித்தால் நீரின் தடை நான்கு மடங்காகும். அச்சுமை முழுவதும் கயிற்றின் மேலும், பழம்பலகையில் அறைந்த ஆணியின் மேலும் விழும்.

நிலத்திலும் இந்நெறியே நிற்கின்றது. இங்கிலாந்தில் பழைய வீட்டு வண்டிகளைக் காரின் பின்னே பூட்டிச் செல்வாருளர். அந்நாட்டு விரைவுச்சாலையில் தனிக்காருக்கு மணிக்கு 70 மைல் இசைந்த சட்டம், வண்டி இழுக்கும் காருக்கு 60 மைலே இசைகின்றது. வேகம் மிகுமாயின் பின்வண்டி இருபுறமும் ஆடத் தொடங்கி முன்வண்டியையும் கவிழ்க்கும் என்பதே காரணம்.

"மீன் கெடுமுன் கரை சேர வேண்டாவோ?" என வினவுவாருளர். வினா நியாயமே. ஆயினும் கணக்கிட்டுப் பார்மின்: இரண்டு கிலோமீட்டர் தூரத்தை 12 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கப் பத்து நிமிடமாகும், 6 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடமாகும். மிச்சம் பத்து நிமிடம். அதனைப் பனிக்கட்டியால் ஈடுசெய்யலாம். கவிழ்ந்த படகை எதனால் ஈடுசெய்வது? அன்றியும், ஆழமற்ற நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் முதலானோர்க்கு, விரைந்தோடும் படகின் அலை தொல்லையாகும். ஏரி ஒருவர் உடைமையன்று.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் இந்நீரிலே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அஃது இழுவையால் வந்ததன்று. அளவுக்கு மிஞ்சி ஆளேற்றியதால் வந்தது. எனினும், படகின் வலியறியாது அதன்மேல் நம் விருப்பத்தைச் சுமத்துதலே இரண்டிற்கும் வேர் என்பதை யார் மறுப்பர்?

ஆதலின், மற்றொரு படகை இழுத்துச் செல்லும் எப்படகும் மணிக்கு 6 கிலோமீட்டரை, அஃதாவது விரைந்து நடப்பவன் வேகத்தை, மிஞ்சலாகாது என்றும், நீண்ட கயிறு கட்டிப் பின்படகில் திசை திருப்ப ஒருவரை அமர்த்தவேண்டும் என்றும் ஊர்தோறும் விதி செய்தல் நலம். இதனை அயலார் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. யார், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் 'பாடு' முறையால் தமக்குள் வகுத்து, முறை வரும்வரை பொறுத்திருக்கப் பழகியவர் இவ்வூரார். ஏரியின் மீனைப் பங்கிடத் தெரிந்தவர்க்கு, ஏரியின் வேகத்தை வரையறுத்தல் அரிதன்று.