மணிக்கு ஊசி போட்டாச்சா?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்கள், வெள்ளியில்தான் நடை திறப்பாங்க. போன வெள்ளி தரிசனம் முடிச்சுத் திரும்பும்போது, மக்காச்சோளக் காட்டோரம் ஒன்பதாவது படிக்கிற தம்பி ஒருத்தனைப் பார்த்தேன். கூடவே அவன் நாய் மணி.

"ராத்திரி அப்பாவோட காவலுக்குப் போவேன்க்கா. பன்னி, நரி எது வந்தாலும் மணிதான் முதல்ல பாயும்" என்றான். மணியின் தொடையில் நீளமாக ஒரு தழும்பு.

"வெறிநாய்க்கடி ஊசி போட்டாச்சா?"

"நாய்க்கா?" எனச் சிரித்தான்.

1957-ல் வந்த டிஸ்னி படம் 'ஓல்டு யெல்லர்' கதையைச் சொன்னேன். 1860-களில், டெக்சாஸில் நடக்கிற கதை. காட்டுப்பன்றிகளிடமிருந்து சிறுவனைக் காப்பாற்றும் நாய், பிறகு வெறிபிடித்த ஓநாயோடும் மோதும். கடைசியில் நாய்க்கே வெறி பிடிக்க, அந்தப் பையனே அதைச் சுட வேண்டிவரும். அப்போ தடுப்பூசி இல்லை. லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதலில் போட்டது 1885-ல்தான்.

இப்போ இருக்கே! நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. அப்புறம் வருஷா வருஷம். நாய் நம்மைக் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடுற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீங்க. அறிகுறி வந்துட்டா பிழைப்பது ரொம்ப அரிது.

"பன்னி விரட்டுறதை அப்பா பார்த்துக்கட்டும். நீ மணியை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

தம்பி சிரிக்கலை. "நாளைக்கே போறேன்க்கா" என்றான்.

உங்க வீட்டு மணிக்குப் போட்டாச்சா?