சிலிண்டர் கும்பகோணத்தில், நம்பர் மும்பையில்

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் இதைச் சொல்லலாமா என்று சிரிக்காதீர்கள். "டெக்னாலஜி ஒரு வசதிதானே பாஸ், பிடிக்கலேன்னா விட்டுடுங்க" என்று ஆபீஸில் ஒரு கோஷ்டி சொல்லித் திரிகிறது. சுத்தப் பேத்தல்.

வசதி என்றால் வேண்டாதபோது விட முடியணும். மிக்ஸி ரிப்பேரானால் அம்மி இருக்கு (எங்கே இருக்கு என்று தங்கமணியிடம் கேட்டுவிடாதீர்கள்!). 2016-ல் வந்த யுபிஐ அப்படியா? 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க சில மணிநேரம் படுத்துக்கொண்டது. வருஷப்பிறப்புக்கு இரண்டே நாள். பச்சடிக்கு வேப்பம்பூ வாங்க மாட்டுங்கா போகிற நம்மாட்களில் எத்தனை பேர் பர்ஸில் இருநூறு ரூபாய் வைத்திருப்பார்கள்? வைத்திருந்தாலும் கடைக்காரரிடம் சில்லறை ஏது? கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் இப்போது க்யூஆர் அட்டைதானே நிற்கிறது!

2024 ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் மண்டையைப் போட்டன. நம் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல விமானங்கள் தாமதம், சிலது ரத்து. ஆனாலும் பேனா எடுத்து எழுத ஆள் இருந்ததால் ஜனங்கள் பறந்தார்கள். அந்த ஆளையும் 'ஆட்டோமேஷன்' என்று வீட்டுக்கு அனுப்பத்தான் நம்மைப் போன்றவர்கள் ராத்திரி பகலாக ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் :(

பெரிய கூத்து ஊரில் நடக்கிறது. வெளியூரில் இருக்கிற நம் குடும்பங்களில் அப்பாவின் கேஸ் கனெக்‌ஷனுக்குப் பிள்ளையின் செல் நம்பர் கொடுத்திருப்பது சகஜம். கும்பகோணத்தில் வாசலில் சிலிண்டரோடு ஆள் நிற்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய டெலிவரி நம்பர் மும்பையில் மீட்டிங்கில் இருக்கிற பிள்ளையின் செல்லுக்கு வரும். எழுபத்தைந்து வயசு மனுஷர், நாற்பது வருஷம் தனியாகக் குடும்பத்தை நடத்தியவர், தன் வீட்டு அடுப்பு எரிய பிள்ளை போனை எடுக்கணும் என்று காத்திருக்கிறார். "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது" என்று நாம் வேறு பெருமையாகச் சலித்துக்கொள்கிறோம். அவருக்குப் புரியாததா? அவரைக் கேட்காமலேயே கதவைப் பூட்டிச் சாவியை நம் பாக்கெட்டில் போட்டுவிட்டார்கள் சார்.

திருட்டு டெலிவரியைத் தடுக்கத்தான் இந்த நம்பர் என்பார்கள். சரி, இருக்கட்டும். அந்த நம்பர் வராத வீட்டில் அடையாள அட்டையைப் பார்த்து, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிலிண்டரை இறக்கி வைக்க என்ன கேடு? பேங்கில், ரயில்வே கவுன்ட்டரில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் போன் இல்லாமல் வருகிறவருக்கு ஒரு ஜன்னலும் பதில் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். அதுவும் "ஆப்ல போடுங்க சார்" என்று திருப்பி அனுப்பாத ஆள்.