முகூர்த்த நாள் எத்தனை, கண்ணு?

கொஞ்சம் நீளமான பதிவு. மண்டபம், தறி, கோழிப்பண்ணை, ஹோட்டல் என்று எதையாவது கடன் வாங்கிக் கட்டலாம் என்ற யோசனையில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போனாலும் வருத்தமில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். (ஒருமையில் சொல்வதற்கு அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பேர் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான்.) திருப்பூரில் 20 வருஷம் பவர் டேபிள் யூனிட் நடத்தி, கையில் 60 லட்சத்தோடு ஊர் திரும்பியவன். "டீச்சர், மெயின் ரோட்டுல கல்யாண மண்டபம் கட்டறேனுங்க. முதல் செங்கல் நீங்க எடுத்து வைக்கோணும்" என்றான். சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் ஞாபகம் வைத்து வந்தால் நமக்கு வேறு என்ன வேண்டும்?

வாய் சும்மா இருக்காதே. "கடன் எவ்வளவு கண்ணு?" என்று கேட்டேன். மொத்தம் 1 கோடியே 80 லட்சம், அதில் கடன் 1 கோடியே 20 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருஷத்தில் அடைக்க வேண்டும் என்றான். அடமானம், அப்பா வைத்துவிட்டுப் போன 4 ஏக்கர் தோட்டம். பையிலிருந்து வழவழவென்று பைண்ட் பண்ணிய ஒரு திட்ட அறிக்கையை எடுத்து நீட்டினான். யாரோ ஒருவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கியது. அழகான அறிக்கை, கலர் படம் எல்லாம் இருந்தது.

அறிக்கையில் ஒரு வரி என் கண்ணில் குத்தியது. ஆண்டுக்கு 110 நாள் வாடகை. "வருஷத்துக்கு 365 நாளுங்க டீச்சர். நான் பேராசைப்படலீங்க. முப்பது சதவீதம்தான் போட்டிருக்கேன்" என்றான்.

சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தேன். எல்லா வீட்டிலும் இருப்பதுதான், முன்பக்கமே முகூர்த்த நாட்களை அச்சடித்திருப்பார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். எங்கள் பக்கத்தில் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் கல்யாணம் கிடையாது. மீதி மாதங்களில் எண்ணினால் 50 சொச்சம் வந்தது. அதிலும் தேய்பிறை முகூர்த்தம் என்றால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். நம் கல்யாணம் ஒரு நாள் வேலையும் இல்லை. முதல் நாள் மதியமே மண்டபத்துக்குள் நுழைந்து மறுநாள் மதியம்தான் காலி செய்வோம். அடுத்தடுத்த நாளில் இரண்டு முகூர்த்தம் வந்தால் பெருக்கித் துடைக்கக்கூட நேரம் இருக்காது.

ஆக, அவன் கட்டப்போகும் மண்டபத்தின் கொள்ளளவு என்ன? 800 நாற்காலி என்று அறிக்கை சொல்கிறது. நாற்காலியை வைத்து அளக்கக் கூடாது, நாளை வைத்து அளக்க வேண்டும். அந்த நாள் 365 இல்லை, 110 இல்லை, 50 சொச்சம். அதிலும் எங்கள் ஊரில் ஏற்கெனவே ஐந்து மண்டபம் இருக்கிறது. நல்ல முகூர்த்தத்தில் ஐந்தும் நிரம்பி வழியும். மற்ற நாளில் ஐந்திலும் பூட்டுதான். ஆறாவது மண்டபம் வந்தால் அந்த நல்ல நாளில் மட்டும் அதற்கும் கூட்டம் வரும்.

அடுத்தது கையைக் கடிக்காத எண்ணிக்கை. பிரேக் ஈவன் என்று சொல்லிப் பெரிய படிப்பு மாதிரி ஆக்கிவிட்டார்கள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்பே போதும்.

கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் போகும் செலவு ஒன்று உண்டு. வட்டி முதல் வருஷம் 13 லட்சத்து 20 ஆயிரம். வாட்ச்மேன் சம்பளம், சொத்து வரி, ஜெனரேட்டர் பராமரிப்பு, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 80 ஆயிரம். ஆக 18 லட்சம். கல்யாணம் நடந்தால் மட்டும் வரும் செலவு வேறு: தண்ணீர் லாரி, டீசல், சுத்தம் செய்யும் ஆட்கள், புக்கிங் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன். அது ஒரு கல்யாணத்துக்கு 15,000 என்றான். வாடகை 60,000. ஆக ஒரு கல்யாணம் அவன் கையில் விட்டுச் செல்வது 45,000. பதினெட்டு லட்சத்தை 45,000 ஆல் வகுத்தால் 40.

"40 தானுங்களே டீச்சர், வந்துரும்" என்றான். முகம் மலர்ந்துவிட்டது.

"அசல் யாரு கண்ணு கட்டுவா?" என்று கேட்டேன். பத்து வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் என்றால் வருஷத்துக்கு 12 லட்சம். அசலைச் செலவாக எழுதக் கூடாது, லாபத்திலிருந்துதான் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னாராம். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. ஆனால் வங்கி மேனேஜர் கேட்பது பணம். 18 லட்சமும் 12 லட்சமும் 30 லட்சம். அதை 45,000 ஆல் வகுத்தால் 67 கல்யாணம். காலண்டரில் இருக்கும் முகூர்த்தமே 50 சொச்சம். ஊரில் இருக்கும் மற்ற ஐந்து மண்டபத்தையும் இழுத்து மூடினால்கூட முதல் வருஷத் தவணைக்குப் பற்றாது. வட்டி வருஷாவருஷம் குறையும், உண்மைதான். அது குறைகிற வரைக்கும் தோட்டம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

அவன் காபியை முடிக்காமலே கிளம்பினான். இரண்டு மாதம் பேச்சில்லை. கடைவீதியில் பார்த்தால்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டான். நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசிவிட்டேன் என்று அவன் வீட்டில் வருத்தப்பட்டதாகக் காதில் விழுந்தது. நானும் தூங்காமல் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, அவன் மேல் இருந்த கோபம் என் மேல் திரும்பியது.

ஏனென்றால் அந்தப் பையனுக்கு லாப நட்டம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். "ஒருவர் ஒரு மிதிவண்டியை ரூ. 1,200க்கு வாங்கி ரூ. 1,500க்கு விற்றார், லாபம் எவ்வளவு?" 34 வருஷம் இதே கணக்கு. அதிகம் போனால் வண்டிக்கூலியும் ரிப்பேர் செலவும் சேர்ப்போம். அந்த மிதிவண்டிக்காரருக்குக் கடை வாடகை கிடையாது. வட்டி கிடையாது. ஒரு மாதம் முழுக்க ஒரு வண்டியும் விற்காத கதையை நாங்கள் கேட்டதே இல்லை. எட்டாம் வகுப்பில் சமன்பாடு நடத்தும்போது எக்ஸ் கண்டுபிடி என்கிறோம். அந்த எக்ஸ் என்பது உன் குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்க நடக்க வேண்டிய கல்யாணங்களின் எண்ணிக்கை என்று ஒரு நாளாவது சொன்னேனா? இந்த ஒரு பாடத்தைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சதவீத வட்டிக்குப் பக்கத்திலேயே சேர்க்கலாம்.

படித்த பெரிய கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்கு பிசகும். டாடா நானோ நினைவிருக்கிறதா? 2009ல் முன்பதிவு ஆரம்பித்தபோது 2 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் பணம் கட்டினார்கள். அப்போது தொழிற்சாலை இல்லை. சிங்கூரில் நிலப் பிரச்சினையால் 2008 அக்டோபரில் வெளியேறி, குஜராத்தில் சானந்துக்குப் போனார்கள். இடையில் உத்தராகண்டில் இருந்த வேறொரு ஆலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுத்தார்கள். சானந்த் ஆலை 2010ல் திறந்தது, ஆண்டுக்கு 2.5 லட்சம் கார் செய்யும் அளவுக்கு. அதற்குள் ஆர்வம் ஆறிப்போயிற்று. நன்றாக விற்ற 2011-12ல்கூட 75,000ஐத் தொடவில்லை. ஆள் இருந்தபோது ஆலை இல்லை, ஆலை வந்தபோது ஆள் இல்லை. மலிவான கார் என்று பேர் வாங்கியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். அவ்வளவு குறைந்த விலையில் ஒரு காருக்கு மிஞ்சுவது சொற்பம். சொற்பம் மிஞ்சும் பொருளுக்கு எண்ணிக்கை ஏராளமாக வேண்டும், அந்த எண்ணிக்கை வரவில்லை. 2018ல் நானோ நின்றது. ஆனாலும் அதே சானந்தில் டியாகோ, டிகோர் என்று வேறு கார்களைச் செய்தார்கள், கட்டிடம் வீணாகவில்லை. டாடாவுக்கு வேறு கார் இருந்தது. நாலு ஏக்கர்காரனுக்கு வேறு என்ன இருக்கிறது?

என் துறையிலேயே பார்த்தேனே. நான் படித்தபோது ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தன. 2000க்குப் பிறகு தனியார் பயிற்சி நிறுவனங்கள் மளமளவென்று முளைத்தன. வேலை கிடைக்காது என்று தெரிந்ததும் பிள்ளைகள் சேருவதை நிறுத்தினார்கள், பல இடங்களில் பூட்டுத் தொங்கியது.

சரி, நம் பையன் கதைக்கு வருகிறேன். மூன்றாம் மாதம் அவனே வந்தான், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. சுற்றுவட்டாரத்தில் எல்லா மண்டப வாட்ச்மேனிடமும் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டு, போன வருஷம் எத்தனை விசேஷம் நடந்தது என்று எழுதி வைத்திருந்தான். என் காலண்டர் கணக்கைவிட நல்ல கணக்கு அது. கல்யாணம் தவிர வளைகாப்பு, காதுகுத்து, சீர், பிறந்தநாள் என்று சின்ன விசேஷங்களுக்கு முகூர்த்தம் பார்க்காமல் ஆள் வருகிறது, ஆனால் 150 பேருக்கு 800 நாற்காலி மண்டபத்தை யாரும் எடுப்பதில்லை என்று அதில் இருந்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தான். ரிசப்ஷனில் கூட்டம் தேங்குவது ஹாலில் இல்லை, பந்தியில். சாப்பாட்டுக் கூடத்தில் 250 பேர். இலை எடுத்து, துடைத்து, அடுத்த பந்தி உட்கார 40 நிமிஷம். ஏழு மணி முதல் ஒன்பதரை வரை முழுசாக நடப்பது மூன்று பந்தி, 750 பேர். மேலே எத்தனை நாற்காலி போட்டாலும் அவ்வளவுதான். "ஹாலைச் சின்னதாக்கி டைனிங்கைப் பெருசாக்கறேனுங்க" என்றான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பவர் டேபிள் லைனில் எந்த மிஷினில் துணி குவிகிறதோ அந்த மிஷின்தான் மொத்த வேகம் என்று திருப்பூர் சொல்லிக்கொடுத்தது.

இப்போது திட்டம் 90 லட்சம். கடன் 30 லட்சம், அடமானம் மண்டபம் கட்டும் இடம் மட்டும். வட்டி, பராமரிப்பு, அசல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 10 லட்சம். வாடகையை 45,000 ஆக வைத்திருக்கிறான், செலவு போக 33,000 நிற்கும். வகுத்துப் பார்த்தால் 31 கல்யாணம். அதுவும் சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன விசேஷங்கள் கொஞ்சம் தாங்கும் என்று அவன் நம்புகிறான். எனக்குப் பாதி நம்பிக்கைதான், அவனிடமும் சொல்லிவிட்டேன். சிரித்தான்.

செங்கல் எடுத்து வைத்தேன். வருகிற தை மாதம் திறப்பு விழா. இதுவரை பதிவானது 9 முகூர்த்தம், நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.