குருவிக்குக் கதிர் கட்டுவது யாருடைய வழக்கம்?



தை மாத விடுமுறையில் நம் மக்தபுப் பிள்ளைகள் இருபது பேரைத் திண்ணையில் அமர்த்தி நெற்கதிர்க் குஞ்சம் கட்டக் கற்றுக்கொடுத்தோம். கட்டியதை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துச் சென்று, குருவிகள் கொத்தித் தின்னும்படி தாழ்வாரத்தில் தொங்கவிடச் சொன்னோம். மறுநாள் மூன்று குஞ்சங்கள் திரும்பி வந்தன. ஒரு பிள்ளையின் தந்தை நேரிலேயே வந்துவிட்டார். "ஹஜ்ரத், பொங்கல் நேரத்துல வாசல்ல கதிர் கட்டுறது அவங்க வழக்கம். நாங்க பிள்ளையை ஓதத்தானே அனுப்புறோம்?" என்றார். மரியாதையோடுதான் கேட்டார். அன்று நின்றபடி நாம் சொன்ன பதில் நமக்கே போதவில்லை. ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறோம்.

பிற சமயத்தாருக்கு ஒப்பாகக் கூடாது என்பது மார்க்கத்தின் விதி. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எது ஒப்பாகுதல், எது ஒப்பாகுதல் அன்று என்பதை மார்க்க அறிஞர்கள் நம்மைப்போல் அவசரப்பட்டுத் தீர்மானிக்கவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கரான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் ஒருமுறை ஆணி அடித்த காலணி அணிந்திருந்தார்கள். இந்த இரும்பில் குற்றம் உண்டா என்று ஹிஷாம் என்பவர் வினவ, இல்லை என்றார்கள். இது கிறிஸ்தவத் துறவிகளுக்கு ஒப்பாகும் என்று ஸுஃப்யான் (ரஹ்) போன்ற பெரியோர் வெறுத்தார்களே என்று அவர் மீண்டும் கேட்டார். அதற்கு இமாமவர்கள், நபி (ஸல்) அவர்கள் உரோமம் உள்ள காலணியை அணிந்ததுண்டு, அதுவும் துறவிகள் அணிவதுதான் என்று விடையளித்தார்கள். இந்நிகழ்வை ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் எடுத்தாளும் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், மக்களின் நலன் சார்ந்த காரியங்களில் வெளித்தோற்றம் ஒத்திருப்பதால் கேடில்லை என்று விளக்குகிறார்கள். நம் ஊர் ஹனஃபி மஹல்லாக்களில் ஆலிம்கள் ஃபத்வாவுக்குப் புரட்டுகிற நூல் இது. பிறருடைய வணக்கத்தையும் அவர்களுடைய மத அடையாளத்தையும் மேற்கொள்வதே தடுக்கப்பட்டது. காலணி அந்த வகையில் சேரவில்லை. குருவிக்குத் தொங்கும் கதிர் மட்டும் எப்படிச் சேரும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். வீட்டுக்குச் செல்வம் வரும், கண்ணேறு கழியும் என்ற எண்ணத்தோடு அந்தக் கதிரைக் கட்டினால் அது தவறு. தாயத்தைக் கட்டித் தொங்கவிடுவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொன்னோம்: இது குருவிக்கு உணவு, வேறு எதற்கும் இது உதவாது. (தாயத்து கட்டிய வீட்டிலிருந்தும் ஒரு குஞ்சம் திரும்பி வந்தது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.)

மேலும், கதிர் கட்டுவதை ‘அவங்க வழக்கம்’ என்று எழுதிக்கொடுத்தவர் யார்? கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உழுது விதைத்தவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள். நம் நன்னியார் ஒவ்வொரு சம்பா அறுவடைக்கும் முதல் கதிர்களை பிஸ்மில்லாஹ் சொல்லித் திண்ணைச் சட்டத்தின் கொக்கியில் மாட்டுவார்கள். அன்று எவரும் அவர்களிடம் ஃபத்வா கேட்கவில்லை. அது விவசாயியின் வழக்கம். களத்துக்கு வந்த நெல்லில் பறவைக்கும் பங்கு உண்டு என்று அறிந்த மனிதர்களின் வழக்கம்.

அந்தப் பங்கை நமக்கு அறிவித்தவர் நபி (ஸல்) அவர்களே. ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழி அனஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் பயிர் என்ற சொல் வெளிப்படையாகவே வருகிறது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் அதிலிருந்து திருடப்பட்டதுகூடத் தர்மமாகும் என்று வருகிறது. திருடன் கொண்டுபோனதற்கே கூலி உண்டென்றால், நாமே மனமுவந்து தொங்கவிட்டதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம் அறிவிப்பதைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். அதன் பொருள் தாழ்வாரத்தில் வந்து அமரும்போது விரட்டிவிடுவதா?

ஏழை பசித்திருக்க நெல்லைக் குருவிக்குக் கொட்டுவது வீண்விரயம் என்றார் இன்னொருவர். நூறு கதிர் சேர்த்த குஞ்சத்தில் கால் கிலோ நெல் தேறினால் அதிகம். நம் ஊர் வலீமாக்களில் ஒரே ஒரு சஹனில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் சோறு அதைவிடக் கூடுதல். இஸ்ராஃபைப் பற்றிப் பேசுவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

‘ஓதத்தானே அனுப்புறோம்’ என்பதற்கு வருவோம். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்துவிட்டது. துயரத்தில் இருந்த அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள் குருவியின் பெயரைச் சொல்லிச் செல்லமாக நலம் கேட்டார்கள். இந்தச் சிறு நிகழ்விலிருந்து அறுபது பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (வஃபாத்: ஹிஜ்ரி 335). குருவியைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவது ஓதலுக்கு வெளியே உள்ள காரியம் என்று அந்த அறிஞர் எண்ணியிருந்தால் அந்த நூல் வந்திருக்காது. இதே ஹதீஸைக் காட்டிக் கூண்டுப் பறவையைப் பெருநாள் பரிசாக வாங்கித் தருவோரும் உண்டு. உணவும் நீரும் கொடுத்து, துன்புறுத்தாமல் வளர்ப்பதற்கு அறிஞர்கள் அனுமதி அளித்துள்ளார்கள், மறுக்கவில்லை. ஆனால் பச்சைக்கிளியைப் பிடித்து அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாட்டின் சட்டத்தை மீறி மார்க்கத்தின் பெயரைச் சொல்வது அழகல்ல.

விடுமுறையில் நம் பையன்கள் கையில் உண்டிவில் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து இலக்காக எறிந்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கண்டித்தால் மட்டும் உண்டிவில் கீழே விழாது. கைக்கு வேறு வேலை வேண்டும். 1896இல் பிறந்த சாலிம் அலி, பம்பாயின் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு ஐயம் கேட்கப் போய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலை மிதித்தார். பின்னாளில் நமக்கு அருகில் இருக்கும் கோடியக்கரையின் பறவைகளை உலகம் அறியச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அன்று அந்தப் பிள்ளையின் கேள்வியை யாராவது ‘போய் ஓது’ என்று தள்ளியிருந்தால்?

இனி நம் பக்கத்துத் தவற்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்களும் விடுமுறை வேலையாகப் பறவைக்கு உணவுக்கூடு செய்யச் சொல்கின்றன. பிளாஸ்டிக் பாட்டில், தெர்மாகோல், ஜிகினா, பசை, வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம், மறுவாரம் குப்பைத்தொட்டி. அதில் ஒரு பறவையும் வந்து அமர்ந்ததில்லை. சிறிதானாலும் விடாமல் செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று கற்பிக்கும் நாமும் முதல் ஆண்டு அந்தப் பாட்டிலைத்தான் செய்யவைத்தோம்.

கதிர்க் குஞ்சத்தில் அந்தக் கேடு இல்லை. ஆனால் உழைப்பு வேண்டும். அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் தாளோடு கதிர் கிடைக்காது. நெல் தொட்டிக்குள் போகும், வைக்கோல் பின்னால் விழும். ஆகவே அது வருமுன் வரப்போரத்திலும் மூலைகளிலும் கருக்கரிவாளால் அரிந்துகொள்ள வேண்டும். நெல் முற்றி, தாளில் கொஞ்சம் பச்சை நிற்கும் பருவம் நல்லது. முழுதும் காய்ந்த தாள் மடக்கினால் ஒடியும். அப்போது இரவு முழுவதும் ஈரச்சாக்கில் சுற்றிவைத்தால் வளைந்துகொடுக்கும். ஐந்தைந்து கதிராகக் கழுத்தைப் பிடித்து வைக்கோல் பிரியால் கட்டி, கட்டுகளை வட்டமாகச் சேர்த்து, தாள்களைச் சடைபோல் மேலே பின்னி வளையமாக முடிக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவின் நெடுந்தாள் இதற்கு மிகவும் ஏற்றது. சி.ஆர். 1009 தாளில் சிறு பிள்ளைகளின் விரல் திணறுகிறது. அண்மையில் மருந்து தெளித்த வயலின் கதிரையோ, பூஞ்சைக்கொல்லி கலந்த விதைநெல்லையோ தொடவே கூடாது; தர்மம் என்று நஞ்சைக் கொடுத்தவர்கள் ஆவோம். பூனை தாவ முடியாத உயரத்தில், கதிர் கீழ்நோக்கியிருக்கத் தொங்கவிட வேண்டும். சிட்டுக்குருவி தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, உமியை அலகாலேயே உரித்துத் தள்ளிவிட்டு அரிசியைத் தின்னும். தாழ்வாரமெல்லாம் உமி என்று தாய்மார்கள் முறையிட்டார்கள். துடைப்பத்தையும் பிள்ளைகளிடமே கொடுங்கள் என்றோம்.

குஞ்சம் கட்டிவிட்டால் குருவி பெருகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதன் குஞ்சுகளுக்கு நெல் ஆகாது, புழு பூச்சிதான் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தது. அதற்குப் பின் ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் கான்கிரீட் எழும்பியது. கூடு கட்ட இடுக்கும் இல்லாமல் போனது. ஃபஜ்ரு தொழுது வெளியே வரும்போது முன்பு கேட்ட அந்தக் கூச்சல் இப்போது எத்தனை தெருவில் இருக்கிறது என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள்.

திரும்பி வந்த மூன்று குஞ்சங்களையும் மதரஸாவின் முன்வாசலில் மாட்டியிருக்கிறோம். அடுத்த சம்பாவுக்கு இன்னும் முப்பது பிள்ளைகளுக்காவது கதிர் வேண்டும். வயல் வைத்திருக்கும் சகோதரர்கள், இயந்திரம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நமக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அரிவாளோடு நாமே வந்து அரிந்துகொள்கிறோம். அந்தத் தந்தையும் ஒருநாள் வயலுக்கு வந்து எங்களோடு பேசட்டும். அவரோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.