துண்டு வேண்டாம், கேள்வி கேளுங்கோ

"எங்கட எம்.பி. நல்ல மனிசன். எப்ப போனாலும் ஒரு கடிதம் தருவார்." வடக்கிலும் கிழக்கிலும் இதைக் குறையாகச் சொல்பவர் யாரும் இல்லை. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் இந்தப் பாராட்டுக்கு எதிராகத்தான் எழுதுகிறோம்.

அந்தக் கடிதம் என்ன செய்கிறது எண்டு முதலில் பார்ப்போம். வீட்டுத்திட்டத்தில் பெயர் சேர்க்க ஒரு கடிதம், இடமாற்றத்தை நிறுத்த ஒரு கடிதம், பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குச் சேர்க்க ஒரு கடிதம், நிராகரிக்கப்பட்ட அஸ்வெசும விண்ணப்பத்தைத் திரும்பப் பார்க்க இன்னொரு கடிதம். இவை ஒவ்வொன்றுக்கும் சுற்றுநிருபம் இருக்கு, தகுதி விதிகள் இருக்கு, மேன்முறையீட்டு வழியும் இருக்கு. உங்களுக்குத் தகுதி இருந்தால் கடிதம் இல்லாமலே அது கிடைக்க வேணும். தகுதி இல்லாமல் கடிதத்தால் கிடைத்தால், வரிசையில் உங்களுக்கு முன்னால் நிண்ட ஒருவர் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறார். தகுதி இருந்தும் கந்தோரில் வேலை நடக்கவில்லை என்றால், பிழை கந்தோரில். அந்தப் பிழையைத் திருத்தாமல் ஒருவருக்கு மட்டும் பின்கதவைத் திறந்துவிடுவதைச் சேவை எண்டு எப்படிச் சொல்வது?

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான். எங்களுக்கு உரியது எங்களுக்குத் தரப்பட்ட பரிசாக மாறுகிறது. பரிசு வாங்கினவன் நன்றியோடு இருக்க வேணும். அந்த நன்றி தேர்தல் நாளில் அறவிடப்படும்.

இது புதுக் கதையும் இல்லை, தமிழ்ப் பகுதிக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. 1977இல் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் 'வேலை வங்கி' என்ற பெயரில் வேலைக்கான படிவங்களைப் பாராளுமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுத்தது. எம்.பி.யின் படிவம் கிடைத்தால்தான் அரச வேலை. பிறகு தெற்கில் 1987 – 89 கிளர்ச்சி எழுந்து, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்ட பின், இளைஞர் அமைதியின்மையை ஆராய ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். அது 1990இல் தந்த அறிக்கை, நியமனங்களில் புகுந்த அரசியல் தலையீட்டை, அதாவது இந்தத் 'துண்டு' முறையை, இளைஞர்களின் கோபத்துக்கு ஒரு முக்கிய காரணமாகச் சுட்டியது. படித்தும் துண்டு இல்லாததால் ஒதுக்கப்பட்டவர்களின் கோபம் அது. 35 வருசத்துக்குப் பிறகும் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிட்ட, "படிச்சு முடிய ஆரையாவது பிடிச்சு வையுங்கோ" எண்டுதான் ஊரில் புத்தி சொல்கிறார்கள். அவர்கள் எங்களுக்குக் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. அனுபவத்தில் சொல்கிறார்கள். கோபம் வருவதே அதனால்தான்.

ஏன் எம்.பி.மார் இதை விடுகிறார்கள் இல்லை? ஆட்கள் நல்லவர் கெட்டவர் என்பதை விட, தேர்தல் முறைக்கு இதில் பெரிய பங்கு இருக்கு. 1978 அரசியலமைப்புக்கு முன் பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர். பருத்தித்துறைக்காரருக்குத் தங்கட எம்.பி. யார் எண்டு தெரியும், திட்டுவதென்றாலும் ஆளைத் தெரிந்து திட்டலாம். இப்ப யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து கிளிநொச்சி வரை 11 தொகுதிகள். 2010இல் அதற்கு 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. அந்த ஆறு பேரும் எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது என்றால் நெடுந்தீவுக்கு யார் பொறுப்பு, கண்டாவளைக்கு யார் பொறுப்பு எண்டு கேட்டால் பதில் கிடையாது. இதுக்கு மேல விருப்பு வாக்கு. ஒரே கட்சிக்காரர் ஒருவரோடொருவர் மோத வேண்டிய முறை. கொள்கையில் வேறுபாடு காட்ட முடியாத இடத்தில் முகத்தைத்தான் காட்டலாம். ஆகவே மின்விளக்கு பூட்டும்போது படம், கொப்பி கொடுக்கும்போது படம், மரணவீட்டுக்குப் போனாலும் படம்.

பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதி 1974இல் தொடங்கியது. மாவட்டத்தின் சின்னச் சின்னத் தேவைகளுக்கு உறுப்பினர் முன்மொழிந்து வேலை செய்விக்கிற காசு. நோக்கத்தில் பிழை இல்லை. சனசமூக நிலையத்துக்குக் கதிரை வேணும், ஒழுங்கைக்கு மதகு வேணும், மைதானத்துக்கு வேலி வேணும். ஆனால் வேலை முடிந்ததும் ஒரு பெயர்ப்பலகை முளைக்கும்: 'கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் இன்னாரின் நிதி ஒதுக்கீட்டில்'. ஐயா, அது உங்கட நிதி இல்லை. பருப்புக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டுகிற எங்கட காசு. வங்கியில் எங்கட கணக்கிலிருந்து காசு எடுத்துத் தந்த காசாளர் தன்ர பெயரை எங்கட வீட்டு மதிலில் எழுதினால் விடுவோமா?

இன்னொரு காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேணும். எம்.பி.யிடம் போகிற வேலையில் பாதி அவருடைய வேலையே இல்லை. குப்பை, ஒழுங்கை, தெருவிளக்கு பிரதேச சபைக்குரியவை. மாகாணப் பாடசாலை, பிரதேச வைத்தியசாலை, மாகாண வீதி மாகாண சபைக்குரியவை. ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரிலும் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் முடிந்தன. 2017இல் தேர்தல் முறையை மாற்றி, 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றத்திலேயே தோற்கடித்து, தேர்தலை முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்தார்கள். உள்ளூராட்சித் தேர்தலும் 2018க்குப் பிறகு 2025 மே மாதம்தான் நடந்தது. கேட்க வேண்டிய ஆட்கள் இல்லாதபோது சனம் இருக்கிற ஆளிட்டப் போகும். அதில் சனத்தின் பிழை இல்லை. அந்த வெற்றிடத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டு 'சேவை' செய்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேணும்.

இதையெல்லாம் சொன்னவுடன் ஒரு தரப்பு கைதட்டும்: "சரியாச் சொன்னீங்கள், நாங்கள் மதகு கட்ட வந்த ஆக்கள் இல்லை, உரிமைக்காக வந்த ஆக்கள்." கொஞ்சம் பொறுங்கோ, உங்களிட்டயும் கேள்வி இருக்கு.

'அபிவிருத்தியா, உரிமையா' என்ற பட்டிமன்றம் எங்கட அரசியலில் பழையது. அமைச்சராக இருந்து காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை கொண்டுவந்த ஜீ.ஜீ. பொன்னம்பலத்துக்கும், 1949இல் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்துக்கும் இடையிலான பிளவிலிருந்தே அது ஓடுது. இண்டைக்கு அந்தப் பட்டிமன்றம் இரண்டு தரப்புக்கும் நல்ல ஒளிப்பிடமாகிவிட்டது. ஒரு தரப்பு பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளிக்குது, மற்றத் தரப்பு மேடைப் பேச்சுக்குப் பின்னால் ஒளிக்குது. மாவட்டத்துக்குச் செய்ய வேண்டிய உண்மையான வேலை இரண்டுக்கும் நடுவில் அநாதையாகக் கிடக்கு.

அது எப்படிப்பட்ட வேலை? 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட ஒரு வர்த்தமானி வந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கர் காணி. மூன்று மாதத்துக்குள் உரிமை கோரி நிரூபிக்காவிட்டால் அரச காணியாகும். முப்பது வருசம் இடம்பெயர்ந்து அலைந்த சனத்திடம் உறுதி எங்க இருக்கு? சிலருடையது எரிந்துபோச்சு. சிலருடையது செத்துப்போன தாத்தாவின் பெயரில். சிலர் தமிழ்நாட்டு முகாமில், சிலர் கனடாவில். எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போனது, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் வர்த்தமானியைத் திரும்பப் பெற்றது. நல்லது. ஆனால் ஒவ்வொரு வாசகரும் தன்ர ஊரை நினைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: அந்த மூன்று மாதத்தில் உங்கட கிராமத்துக்கு வர்த்தமானியோடு வந்து, எந்தக் காணித்துண்டு அதில் இருக்கு, எந்தப் படிவம் நிரப்ப வேணும் எண்டு விளங்கப்படுத்தின எம்.பி. யார்?

இது உரிமையா, அபிவிருத்தியா? காணி போனால் உரிமையும் இல்லை, வீட்டுத்திட்டமும் இல்லை. மாவட்ட மக்களுக்கான வேலை எண்டால் இதுதான். வர்த்தமானியை வாசிக்கிறது, சனத்துக்குச் சொல்றது, சபையில் அமைச்சரை எழுப்பிக் கேட்கிறது, தேவையென்றால் நீதிமன்றம் போறது. இதில் படம் பிடிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் பலர் செய்கிறார்கள் இல்லை.

எதிர்க்கட்சியில் இருந்தால் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கு. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் ஒரு தமிழ் உறுப்பினரான எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையில் தொடங்கியது. அவருடைய மற்ற அரசியலோடு எங்களுக்கு எத்தனையோ முரண்பாடு இருக்கலாம். அந்தச் சட்டம் முழுமையாக அமுல்படுத்தப்படவும் இல்லை, வலையைப் பறிகொடுத்த மீனவரைக் கேட்டால் சொல்லுவினம். ஆனாலும் ஒரு மீனவருக்கு ஒரு வலை வாங்கிக் கொடுப்பதற்கும், எல்லா மீனவரும் காட்டி வாதாடக்கூடிய ஒரு சட்டத்தை உண்டாக்குவதற்கும் உள்ள தூரம் இதில் விளங்குது.

"தம்பிமார், நீங்கள் கம்பஸில இருந்து கதைக்கிறது லேசு. அஸ்வெசும வெட்டுப்பட்ட விதவைத் தாய்க்கு இண்டைக்கு அரிசி வேணும். அவவுக்குக் கடிதம் குடுக்காமல் சட்டம் கதைக்கிறதோ?" இது நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்குக் கட்டாயம் உதவுங்கோ, கடிதமும் குடுங்கோ. ஆனால் அதே பிரதேச செயலகப் பிரிவிலிருந்து அதே காரணத்துக்காக ஐம்பது அம்மாமார் வந்தால், நீங்கள் ஐம்பது கடிதம் எழுதினது சேவை இல்லை. ஏன் ஐம்பது பேர் வெட்டுப்பட்டார்கள் எண்டு நீங்கள் சபையில் கேட்டிருக்க வேணும். கொழும்பிலிருந்து தனிச் சிங்களத்தில் வரும் கடிதத்தை ஒருவருக்கு வாசித்துச் சொல்வது உதவி. தமிழும் அரச கரும மொழி எண்டு 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கும்போது இந்தத் திணைக்களம் ஏன் இன்னும் இப்படி அனுப்புது எண்டு எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குவதுதான் எம்.பி. வேலை. முதலாவதை விதானையாரும் செய்வார், பக்கத்து வீட்டு அக்காவும் செய்வா. இரண்டாவதைச் செய்ய எங்களுக்கு அனுப்பின ஆள் நீங்கள் மட்டும்தான்.

ஆகவே எங்கட கோரிக்கைகள் இவை. ஆறு பேரும் கட்சி வேறுபாடு பாராமல் பதினொரு தொகுதியிலும் முன்கூட்டியே அறிவித்த நாட்களில் உட்கார வேணும். குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்கும் போக வேணும். என்ன வகையான முறைப்பாடு எத்தனை வந்தது, எத்தனை தீர்ந்தது எண்டு, ஆட்களின் பெயர் இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருக்கா வெளியிட வேணும். பன்முக நிதியின் முழுப் பட்டியலும், எந்த ஊர், எவ்வளவு, ஏன் அந்த ஊர் என்பதோடு பிரதேச செயலகச் சுவரில் தொங்க வேணும். பெயர்ப்பலகைகள் கழர வேணும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யார் யாரோடு சண்டை பிடித்தார் என்ற காணொளித் துண்டுகள் போதும், போன கூட்டத்தின் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை எண்டு கூட்டக் குறிப்பைத் தாங்கோ.

இதெல்லாம் தானாக நடக்காது. எங்களிட்டயும் கருவி இருக்கு. ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கு. உங்கட எம்.பி. போன வருசம் எத்தனை வாய்மூல வினா கேட்டார், எதைப் பற்றி எண்டு ஒரு பின்னேரம் இருந்து எண்ணிப் பாருங்கோ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிதிப் பட்டியலை மாவட்டச் செயலகத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருவதா இல்லையா எண்டு தீர்மானிக்க வேணும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு ஒரு எம்.பி. மூலமாகத்தான் மனு போக முடியும். எம்.பி.யின் வாசலில் போய் நிற்கத்தான் வேணும் என்றால், அந்த மனுவோடு, பத்துப் பேராகப் போவோம்.

அடுத்த முறை ஊரில் ஒருவர் "அவர் கடிதம் தருவார்" எண்டு சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். "கடிதம் சரி, அண்ணை. இதைப் பற்றிச் சபையில என்ன கேட்டவர்?" எண்டு மட்டும் கேளுங்கோ. ஊருக்கு நாலு பேர் அப்படிக் கேட்கத் தொடங்கினால், அவருக்கும் கேட்க வேண்டி வரும்.