அடிச்சு வளர்த்தா பாசம் வளருமா?

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்"னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முட்டுக்காடு படகுத்துறைப் பக்கம் போனீங்கன்னா செயல்முறை விளக்கமே கிடைக்கும். ஐஸ்கிரீம் கேட்டு அழற குழந்தை முதுகுல பளார்னு ஒண்ணு விழும். சுத்தி நிக்கிறவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

2007-ல மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். மூணுல ரெண்டு குழந்தை அடி, உதைன்னு உடல்ரீதியா துன்பப்பட்டிருக்கு. குடும்பத்துல அப்படி அடி வாங்கின குழந்தைகள்ல 88.6 சதவீதம் பேரை அடிச்சது பெத்தவங்களேதான். அந்த 13-ல தமிழ்நாடு இல்லை. அதனால நாம தப்பிச்சோம்னு நினைக்கிறீங்களா? வகுப்புல பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. ஸ்கேல், பெல்ட், கரண்டி, விளக்குமாறுன்னு பட்டியல் நீளும்...

கடைசியில "நானும்தான் அடி வாங்கினேன், நல்லாத்தானே இருக்கேன்?"னு முடிப்பாங்க. நிஜமாவே நல்லா இருக்கோமா?

ஜான் பௌல்பின்னு ஒரு பிரிட்டிஷ் மனநல மருத்துவர். பயந்தா ஓடிப்போய் ஒட்டிக்க குழந்தைக்கு ஒரு ஆள் வேணும், மனுஷங்களை நம்பலாமா கூடாதான்னு அந்த ஆளை வெச்சுத்தான் அது கத்துக்குதுன்னு சொன்னார். அந்த ஆளே பயமுறுத்தினா குழந்தை எங்கே ஓடும்? அடிச்ச அம்மாவோட முந்தானையையே பிடிச்சுக்கிட்டு அழற குழந்தையை நீங்களும் பார்த்திருப்பீங்க.

வளர்ந்த பிறகு அது வேற உருவத்துல வரலாம். பத்து நிமிஷம் பதில் வரலைன்னா "என்னை வெறுத்துட்டியா?"ன்னு தவிக்கிற நண்பன். காய்ச்சல்னாகூட யார்கிட்டயும் சொல்லாத தோழி. கை ஓங்கற காதலனை "பாசத்துலதான்"னு நியாயப்படுத்தற பொண்ணு. அடியும் அன்பும் ஒண்ணுன்னு அவளுக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது யார்?

அடி வாங்கின எல்லாரும் இப்படி ஆயிடுவாங்கன்னு நான் சொல்லலை. ஆனா 1998-ல அமெரிக்காவுல ஃபெலிட்டி குழு வெளியிட்ட ஆய்வுல, சின்ன வயசுல நாலு அல்லது அதுக்கு மேற்பட்ட வகையில கொடுமையோ குடும்பச் சிக்கலோ அனுபவிச்சவங்களுக்கு மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி ஆபத்தெல்லாம் 4 முதல் 12 மடங்கு அதிகம்னு தெரிஞ்சது. பி.காம் மாணவன் பாஷையில சொன்னா, செலவை ஏட்டுல எழுதலைங்கிறதால செலவே ஆகலைன்னு அர்த்தம் இல்லை.

பள்ளிக்கூடத்துல அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லுது. வீட்டுக்கு அவ்வளவு தெளிவான தடை இங்கே இல்லை. ஸ்வீடன் 1979-லயே வீட்டுலயும் தடை பண்ணிடுச்சு.

பெத்தவங்களைத் திட்டறது என் நோக்கம் இல்லை. அவங்களும் அடி வாங்கி வளர்ந்தவங்கதான். ஆனா சங்கிலி எங்கேயாவது அறுபடணுமே! நம்பிக்கையான ஒரே ஒரு உறவு கிடைச்சாலும் மனசு மெல்ல மாறும். அடி வாங்கற குழந்தைக்காக 1098-க்குக் கூப்பிடுங்க. பழைய காயம் இன்னும் வலிச்சா 14416 டெலி மானஸ் இருக்கு, பேசுங்க. ரெண்டும் இலவசம்.

அந்தப் பழமொழி இனிமே முருங்கையோட நிக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?