பெங்களூரு தருகிறது, பேரூராட்சி எடுக்கிறது

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த சில வாரங்களில் பெங்களூரு மையத்திலிருந்து ரீஃபண்ட் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் சம்பளச் சீட்டில் தொழில் வரிப் பிடித்தம். 'தர வேண்டியதில் இதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரக் கூடாதா?' என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் மாதச் சம்பளக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

முடியாது. வருமான வரி ஒன்றிய அரசுடையது. தொழில் வரி மாநிலப் பட்டியலில் இருப்பது. தமிழ்நாட்டில் அதை வசூலிப்பவை உள்ளாட்சிகள். பழைய வருமான வரி பாக்கி இருந்தால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். நகராட்சி பாக்கிக்கு அந்த வழி இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்குச் செலுத்தத் தவறிய வருமான வரியை, ஒன்றிய அரசு தரும் ரீஃபண்டிலேயே பிடித்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. இங்கே அது இல்லாதது நல்லதே என்பேன். வார்டு அலுவலகத்தில் தீராத தகராறுக்கு டெல்லி தரும் பணம் பிணையாகிவிடக் கூடாது.

பல்கலைக்கழக ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்தில் குடியிருக்கும் அவர் வீட்டுக்குச் சொத்து வரியை நகராட்சியில் கட்டுகிறார். வேலை பார்க்கும் இடமோ அண்ணாமலைநகர். அது தனிப் பேரூராட்சி. தொழில் வரி அங்கே போகிறது. வருமான வரி டெல்லிக்கு. ஒரே சம்பளத்தில் மூன்று கஜானாக்கள். ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது.

குறை, வரிகள் தனித்தனியாக இருப்பதில் இல்லை. தொழில் வரியின் அடுக்கில்தான் இருக்கிறது. அரையாண்டு வருமானம் ரூ.21,000-ஐத் தாண்டினாலே வரி தொடங்கிவிடும். அதாவது மாதம் ரூ.3,500. ரூ.75,000-ஐத் தாண்டினால் உச்ச அடுக்கு, மாதம் ரூ.12,500 போதும். சிதம்பரம் மேல வீதி ஜவுளிக்கடையில் ரூ.15,000 சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டுகிறவரும், லட்சத்துக்கு மேல் வாங்கும் பேராசிரியரும் ஒரே அடுக்கில், ஒரே தொகை. 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுக்கு ரூ.12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குவோருக்கு வருமான வரியே இல்லை. டெல்லி ஏழை என்று விட்டுவிட்டவரை, உள்ளாட்சி செல்வந்தர் வரிசையில் நிறுத்துகிறது. போதாததற்கு, கட்டிய தொழில் வரியை வருமானத்தில் கழித்துக்காட்டும் சலுகையும் புதிய முறையில் கிடையாது.

மேல்தட்டிடம் கூடுதலாக வாங்கலாமே என்றால், அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆண்டுக்கு ரூ.250 என்றிருந்த உச்சவரம்பு, 1988இல் 60ஆவது திருத்தத்தால் ரூ.2,500 ஆனது. அதோடு சரி. அதை ரூ.12,000 ஆக்கலாம் என்று ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தும் அசையவில்லை. 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த கடலூருக்கு வடிகாலும் குடிநீரும் இன்றைய விலையில் வேண்டும். தொழில் வரியின் உச்சமோ 1988இலேயே நிற்கிறது.

உச்சவரம்பை உயர்த்த நாடாளுமன்றம் மனம்வைக்க வேண்டும். கீழ் அடுக்கை உயர்த்த அது தேவையில்லை, சென்னையே செய்யலாம். மாதம் ரூ.15,000 வாங்குகிறவரைத் தொழில் வரியிலிருந்து விடுவிப்பதை அரசு முதலில் செய்யட்டும்.